ஷஹீத் என்னும் சொல்: சீக்கிய வரலாற்றினூடாகச் சில சிந்தனைகள்

'ஷஹீத்' என்ற அறபுச் சொல்லின் நேர்ப்பொருள் சாட்சி என்பதாகும். இறைவழியில் உயிர் நீத்தோரை நாம் அச்சொல்லால் அழைக்கின்றோம். ஒருவரது மரணம் ஓர் உண்மைக்குச் சாட்சியமளிக்கின்றது என்பதே அதன் உட்கிடை. கத்தோலிக்கச் சகோதரர்கள் தமிழில் 'மறைசாட்சி', 'வேதசாட்சி' என வழங்குவதும் இதனையே. ஆங்கிலேயர் வழங்கும் 'மார்ட்டர்' என்ற சொல்லின் கிரேக்க மூலத்துக்கும் சாட்சி என்பதே பொருள். உயிர் போனது மட்டும் போதாது. போன உயிர் எதற்குச் சாட்சி சொன்னது என்பதே கேள்வி என்று எல்லா மொழிகளும் ஒருமுகமாகச் சொல்கின்றன.

இந்த அறபுச் சொல்லைத் தமது சமய வாழ்வின் நடுவில் வைத்துப் போற்றும், முஸ்லிமல்லாத சமூகமொன்று உண்டு. அவர்கள் சீக்கியர். 'அர்தாஸ்' எனும் தமது அன்றாடப் பிரார்த்தனையில், வாளால் அறுக்கப்பட்டோரையும் சக்கரத்தில் கட்டப்பட்டோரையும் கொள்கை கைவிடாது மடிந்தோரையும் அவர்கள் நினைவுகூருகின்றனர். அதே பிரார்த்தனை உலகத்தார் அனைவரினதும் நலம் வேண்டி நிறைவுறுகின்றது. இறந்தோரின் பட்டியலில் தொடங்கி எல்லோருடைய நலத்தில் முடிகின்ற இந்த வரிசை தற்செயலானதன்று.

2019 ஏப்ரல் 21க்குப் பின் எங்கள் கிழக்கிலங்கைக் கிராமத்துப் பாடசாலையில் பத்தாந்தர மாணவன் ஒருவன், "சேர், குண்டு கட்டிக்கொண்டு செத்தவனும் ஷஹீத்தானா?" என்று கேட்டான். இல்லை என்று ஒரே சொல்லில் விடை சொன்னேன். மார்க்கம் தற்கொலையையும் அப்பாவிகளைக் கொல்வதையும் தடுத்திருக்கின்றது என்றும் சொன்னேன். எனினும் வரலாறு கற்பிப்பவனுக்கு அது போதிய விடையாகாது. அந்தச் சொல் எவ்வாறு உயர்ந்தது, எவ்வாறு திரிந்தது என்பதைக் காட்டினால்தான் பிள்ளைகள் மறவாதிருப்பர். பின்னர் விடைத்தாள் திருத்தும் பணிக்காகக் கொழும்பில் தங்கிய நாட்களில், மாலை வேளைகளில் வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகத்தில் இதனைத் தேடினேன். சீக்கியரின் வரலாறு அங்கேதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

லாஹூர், 1606

சீக்கியரின் முதல் ஷஹீத் ஐந்தாவது குருவான அர்ஜன். ஷஹீதுகளின் மகுடம் என அவரைப் போற்றுவர். 1604இல் ஆதி கிரந்தத்தைத் தொகுத்தவர் அவரே. அத்தொகுப்பில் தமது முன்னோரின் பாடல்களோடு கபீர், ரவிதாஸ் ஆகியோரின் பாடல்களையும், சிஷ்திய்யா தரீக்காவின் பெரியாரான பாபா ஃபரீதின் பாடல்களையும் சேர்த்தார். அமிர்தசரஸ் பொற்கோயிலின் அடிக்கல்லை காதிரிய்யா தரீக்காவைச் சேர்ந்த மியான் மீர் அவர்கள் நாட்டியதாகச் சீக்கியர் சொல்வர். காதிரிய்யா ராத்திபு ஓதப்படும் ஊர்களில் வளர்ந்த நமக்கு, அம்ரித்சர் அவ்வளவு தொலைவிலுள்ள ஊரன்று.

1605இல் ஜஹாங்கீர் அரியணை ஏறினார். அவருடைய மகன் குஸ்ரோ கலகம் செய்து பஞ்சாப் வழியே தப்பியோடியபோது, குரு அர்ஜன் அவனை வாழ்த்தி நெற்றியில் திலகமிட்டார் என்பது குற்றச்சாட்டு. இதனை ஜஹாங்கீர் தமது நினைவுக் குறிப்பிலேயே எழுதிவைத்துள்ளார். இந்துக்களும் முஸ்லிம்களும் குருவை நாடிச் செல்வது தமக்கு நெடுநாளாகவே பிடிக்கவில்லை என்பதையும் அவர் அதில் மறைக்கவில்லை. ஆகவே, அரசியலும் சமயமும் பின்னிய தண்டனை அது. கொதிக்கும் இரும்புத் தட்டில் இருத்தி, சுடுமணலை மேலே சொரிந்து, இறுதியில் ராவி நதியில் இறக்கினர் என்பது சீக்கிய மரபு. மியான் மீர் குருவுக்காகப் பரிந்து பேச முன்வந்ததாகவும், குரு அதனை ஏற்கவில்லை என்றும் அம்மரபு கூறும்.

குரு அர்ஜன் வாளெடுக்கவில்லை. அவரது காலத்தவரான பாய் குர்தாஸ் 'ஷஹீத்' என்ற சொல்லைத் தமது பாடலில் ஆண்டபோது, பொறுமையும் வாய்மையும் வாய்க்கப்பெற்ற சீடனையே அதனால் சுட்டினார். போர்க்களம் அச்சொல்லுக்குள் பின்னரே வந்தது. லூயிஸ் ஃபெனெக் என்ற ஆய்வாளர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட நூலொன்றில், ஷஹாதத் பற்றிய சீக்கியரின் இன்றைய உருவம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிங் சபை இயக்கத்தாரின் கையில் முழுமை பெற்றது என்று வாதிட்டார். சீக்கிய அறிஞர் பலர் அவரோடு கடுமையாக முரண்பட்டனர். எப்படியாயினும் சொற்களுக்கும் வயது உண்டு, வளர்ச்சி உண்டு, நோயும் உண்டு என்பதை இந்த விவாதம் நமக்கு உணர்த்துகின்றது.

தில்லி, 1675

சீக்கிய வரலாற்றில் என்னை மிகவும் நிறுத்திவைத்த நிகழ்ச்சி ஒன்பதாவது குரு தேக் பகதூரின் மரணமாகும். கஷ்மீரத்துப் பண்டிதர்கள், தமது சமயத்தைக் கைவிடுமாறு நெருக்கப்படுவதாகச் சொல்லி, கிருபா ராம் என்பவரின் தலைமையில் ஆனந்த்பூருக்கு வந்து குருவிடம் முறையிட்டனர். குரு அவர்களின் பொறுப்பைத் தம்மீது ஏற்றுக்கொண்டார். கைதாகி, 1675 நவம்பரில் தில்லி சாந்தினி சௌக்கில் தலை துண்டிக்கப்பட்டார். அதற்கு முன், அவரது தோழர்களான மதி தாஸ், தயாலா, சதி தாஸ் மூவரும் அவர் கண்முன்னே வதைத்துக் கொல்லப்பட்டனர்.

இங்கு ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. பண்டிதர்கள் காக்க விரும்பியவை திலகமும் பூணூலும். குரு நானக் சிறு பிராயத்திலேயே பூணூல் அணிய மறுத்தவர் என்பது சீக்கியச் சிறுவரும் அறிந்த கதை. அவர் வழிவந்த ஒன்பதாவது குரு, தாம் அணியாத, தமது மரபு நிராகரித்த ஒரு நூலைப் பிறர் அணியும் உரிமைக்காகத் தலையைக் கொடுத்தார். தன் நம்பிக்கைக்காக உயிர் கொடுத்தோர் எல்லாச் சமயத்திலும் உளர். பிறர் நம்பிக்கைக்காக, அதுவும் தனக்கு உடன்பாடில்லாத நம்பிக்கைக்காக உயிர் கொடுத்தோர் அரிதினும் அரிது.

18ஆம் நூற்றாண்டின் பாரசீக வரலாற்று நூலொன்று, குரு ஆயுதந்தாங்கிய கூட்டத்தோடு பஞ்சாபில் பணம் பறித்துத் திரிந்ததாலேயே தண்டிக்கப்பட்டார் எனக் கூறும். இரு பக்கத்தையும் மாணவர்க்குச் சொல்வது ஆசிரியரின் கடமை. ஆனால் நம்மவரிடையே வேறொரு சங்கடமும் உண்டு. தண்டித்தது அவுரங்ஸீப்பின் அரசு. ஆகவே இதைப் பேசினால் இஸ்லாத்தையே குறை கூறியதாகிவிடுமோ என்ற தயக்கம் அது. இந்தத் தயக்கத்துக்கு நமது வரலாற்றிலேயே விடை இருக்கின்றது. ஹிஜ்ரி 61இல் கர்பலாவில் இமாம் ஹுஸைன் (ரழி) அவர்களின் மீது படை ஏவிய அரசும் முஸ்லிம் அரசு என்றே தன்னைச் சொல்லிக்கொண்டது. அரசின் முத்திரை வேறு, மார்க்கத்தின் முத்திரை வேறு. மடங்களும் தேவாலயங்களும் யூதர்களின் ஆலயங்களும் பள்ளிவாசல்களும் இடிக்கப்படாமல் காக்கப்படுவதைப் போருக்கான அனுமதியோடு சேர்த்துப் பேசும் வேதம் நம்முடையது. அந்த வரிசையில் பள்ளிவாசல் இறுதியாகவே வருகின்றது. அதைச் சிந்தித்தவருக்குத் தேக் பகதூரின் மரணம் அந்நியமாகத் தோன்றாது.

குருவின் தலையை, தாழ்த்தப்பட்ட சமூகத்தவரான பாய் ஜைதா என்பவர் மறைத்து எடுத்துக்கொண்டு ஆனந்த்பூர் சேர்ந்தார். உடலை லக்கி ஷா என்ற வணிகர் தமது வீட்டுக்குக் கொண்டுபோய், வெளியே தெரியாமல் எரிப்பதற்காக அந்த வீட்டுக்கே தீ மூட்டினார். ஒரு ஷஹீதைச் சுற்றி இத்தகைய சிறு தியாகங்கள் பல இருக்கும். பாட நூல்களில் அவற்றுக்கு அநேகமாக இடம் கிடைப்பதில்லை.

மாலேர்கோட்லாவிலிருந்து ஒரு குரல்

பத்தாவது குரு கோவிந்த் சிங் 1699இல் கால்சாவை அமைத்தார். அதற்கு முன்பே, 1688இல் பங்கானியில் நடந்த போரில், சதௌராவைச் சேர்ந்த பீர் புத்து ஷா தமது புதல்வர்களோடும் முரீதுகளோடும் சென்று குருவின் பக்கம் நின்று போரிட்டார். அப்போரில் தம் பிள்ளைகளைப் பறிகொடுத்தார். சீக்கியருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே நடந்த சமயப் போர் என்று இந்த வரலாற்றைச் சுருக்கிவிட முடியாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஆனந்த்பூர் முற்றுகையின் பின் குருவின் இளைய மக்களான சொராவர் சிங், ஃபதே சிங் இருவரும் பிடிபட்டனர். ஒருவனுக்கு ஒன்பது வயதளவு, மற்றவனுக்கு ஏழு கூட நிரம்பவில்லை. சிர்ஹிந்த் ஆளுநர் வஸீர் கான் அவர்களை மதம் மாறச் சொன்னான். சிறுவர் மறுத்தனர். 1705 டிசம்பரில் (1704 என்பாரும் உளர்) அவர்களை உயிரோடு சுவருக்குள் வைத்துக் கட்டிக் கொன்றனர் என்பது மரபு.

அந்தச் சபையில் மாலேர்கோட்லா நவாப் ஷேர் முஹம்மத் கானும் இருந்தார். அவர் குருவின் நண்பரல்லர். குருவுக்கு எதிரான போரில் உறவினரை இழந்தவர். பழி தீர்த்துக்கொள்ளும் வாய்ப்பு அவருக்கு அளிக்கப்பட்டபோது அவர் மறுத்தார். குழந்தைகளைக் கொல்வது குர்ஆனுக்கும் இஸ்லாத்துக்கும் மாறானது என்று எழுந்து சொன்னார். அவரது பேச்சு எடுபடவில்லை. பிள்ளைகள் கொல்லப்பட்டனர். எனினும் அந்த எதிர்ப்புக் குரலைச் சீக்கியர் மறக்கவில்லை. மாலேர்கோட்லாவில் 'ஹா தா நாரா' என்ற பெயரில் ஒரு குருத்வாராவே அமைத்துள்ளனர். முஸ்லிம் நவாபு ஒருவர் எழுப்பிய கண்டனக் குரலின் பெயரில் சீக்கியக் கோயில்!

1710இல் பந்தா சிங் சிர்ஹிந்தைச் சூறையாடினார். மாலேர்கோட்லா தப்பியது. 1947இல் பஞ்சாப் இரண்டானபோது, கிழக்கே சீக்கிய, இந்துக் கும்பல்கள் முஸ்லிம்களையும், மேற்கே முஸ்லிம் கும்பல்கள் சீக்கியரையும் இந்துக்களையும் வெட்டிச் சாய்த்தன. கிழக்குப் பஞ்சாபின் நடுவிலிருந்த மாலேர்கோட்லாவில் முஸ்லிம்கள் உயிரோடு வாழ்ந்தனர். இரு நூற்றாண்டுகளுக்கு முன் ஒருவர் சொன்ன ஒரு 'கூடாது' பல்லாயிரம் பேருக்குக் கேடயமாயிற்று என்றே அவ்வூரார் இன்றும் நம்புகின்றனர். நவாப் தூக்கிக் கொடுத்தது உயிரையன்று. சபையில் தமக்கிருந்த மதிப்பையும் பாதுகாப்பையும் பணயம் வைத்தார். தியாகத்துக்கு இப்படியும் ஒரு வடிவம் உண்டு.

குரு கோவிந்த் சிங் நான்கு மக்களையும் இழந்த பின் அவுரங்ஸீப்புக்குப் பாரசீகத்தில் 'ஸஃபர்நாமா' எனும் கவிதைக் கடிதத்தை எழுதினார். அதில் அவர் குர்ஆனைப் பழிக்கவில்லை. குர்ஆன் மீது செய்த சத்தியத்தை உமது ஆட்கள் மீறினார்கள் என்றே குற்றஞ்சாட்டினார். வேறெல்லா வழியும் அடைபட்ட பிறகே வாளில் கை வைப்பது ஆகும் என்ற நியதியையும் அதிலே குறித்தார்.

தண்ணீர்

அதே ஆனந்த்பூர்ப் போரில் பாய் கன்னையா என்ற சீக்கியர் தோற்பையில் தண்ணீர் சுமந்து காயம்பட்டோருக்குக் கொடுத்துவந்தார். மொகலாயப் படையின் காயக்காரருக்கும் கொடுத்தார். சிலர் குருவிடம் கோள் சொல்லினர். கன்னையாவிடம் விசாரித்தபோது, தமக்கு அங்கே பகைவர் எவரும் தெரியவில்லை, எல்லோரிலும் குருவின் முகமே தெரிந்தது என்ற கருத்தில் விடையளித்தார். குரு அவரைக் கண்டிக்கவில்லை. மருந்தும் கொடுத்து, இனிமேல் இதையும் பூசிவிடு என்றார் என்பது மரபு.

கர்பலாவை நினைந்து கண்ணீர் விடும் சமூகத்துக்கு இக்கதையின் கனம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஃபுராத் நதி அருகே ஓட, குழந்தைகளுக்கும் தண்ணீர் மறுக்கப்பட்ட களம் அது. தண்ணீரை மறுத்தவன் வென்றும் தோற்றான். குரு அர்ஜன் சுடுமணலில் மாண்ட நாளைச் சீக்கியர் நினைவுகூரும் விதமும் தண்ணீர்தான். கடுங்கோடையில் வீதியோரம் பந்தலிட்டு, போவோர் வருவோர் எல்லோருக்கும் பாலும் சர்க்கரையும் கலந்த குளிர்நீர் வழங்குவர். 'சபீல்' என்பர். நமது நாட்டு வெசாக் தன்சல் போன்றது. கோயில் திருவிழாத் தாகசாந்தி போன்றது. சொல் மட்டும் அறபு: 'ஸபீல்', வழி. சூட்டால் கொன்றவர்களுக்கு எதிரான அவர்களின் நினைவுச் சின்னம் குளிர்ச்சி.

கை ஓங்காத படை

அண்மைக் காலத்துக்கு வருவோம். 1922 ஆகஸ்டில் அமிர்தசரஸ் அருகே குரு கா பாக் என்ற இடத்தில், குருத்வாராவின் சமையற்கூடத்துக்கு விறகு வெட்டும் உரிமைக்காக அகாலிகள் போராடினர். அகால் தக்த்தில் கை ஓங்குவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டு அணியணியாகச் சென்றனர். பொலிஸார் பூண் கட்டிய தடிகளால் அடித்து வீழ்த்தினர். வீழ்ந்தவர் எழுந்து மீண்டும் அடி வாங்கினர். முதல் மகா யுத்தத்தில் போரிட்ட முன்னாள் படைவீரர்களும் அவர்களுள் இருந்தனர். அடிக்கத் தெரியாமல் அடி வாங்கியவர்களல்லர். ஆங்கிலப் பாதிரியாரான சி. எஃப். ஆன்ட்ரூஸ் நேரிற் சென்று பார்த்து மனமுடைந்து எழுதினார். 5,000க்கும் மேற்பட்டோர் கைதாகினர்.

அக்கைதிகளை ஏற்றிச் சென்ற ரயிலொன்று, 1922 அக்டோபர் 30இல் ஹஸன் அப்தால் நிலையத்தில் நில்லாமல் போகும் என்று அறிந்த ஊர்ச் சீக்கியர், உணவோடு வந்து தண்டவாளத்தில் அமர்ந்தனர். ரயில் நிற்பதற்குள் கரம் சிங், பர்தாப் சிங் என்ற இருவர் நசுங்கி இறந்தனர். பசித்த கைதிகளுக்கு ஒருவேளைச் சோறு. அதற்காக இரண்டு உயிர். அவர்களையும் சீக்கியர் ஷஹீத் என்கின்றனர். அந்தச் சொல்லின் தூய பொருளில் அது முற்றிலும் பொருந்தும்.

சொல் திரியும் இடம்

இதுவரை சொன்னதோடு நிறுத்தினால் அது வரலாறாகாது, துதிப்பாடலாகிவிடும். 1984 ஜூனில் பொற்கோயிலுக்குள் இந்திய இராணுவம் புகுந்தது. குரு அர்ஜனின் நினைவு நாளுக்கென யாத்திரிகர் கூடியிருந்த வேளை அது. அக்டோபர் 31இல் இந்திரா காந்தி கொல்லப்பட்டார். அடுத்த சில நாட்களில் தில்லியில் மாத்திரம் 2,700க்கும் மேற்பட்ட சீக்கியர் கொல்லப்பட்டதாக அரசே பின்னர் ஒப்புக்கொண்டது. வாக்காளர் பட்டியலோடு வீடு தேடி வந்தனர். ஓராண்டுக்கு முன், 1983 ஜூலையில் வெள்ளவத்தைத் தமிழரின் வீடுகளையும் கடைகளையும் அதேபோற் பட்டியலோடுதான் தேடி வந்தனர். காலி வீதியில் நின்று பார்த்தால் தில்லி தூரமில்லை.

அந்தக் காயத்திலிருந்து புறப்பட்டவர்கள் எங்கே சென்றனர்? 1985 ஜூன் 23இல் எயார் இந்தியா விமானமொன்று அயர்லாந்துக் கரைக்கப்பால் வெடித்து 329 பேர் மாண்டனர். கனடாவிலிருந்த சீக்கியத் தீவிரவாதிகளின் வேலை அது. 1995 ஆகஸ்ட் 31இல் பஞ்சாப் முதலமைச்சர் பியந்த் சிங், சண்டிகாரில் மனித வெடிகுண்டால் கொல்லப்பட்டார். வெடித்தவர் ஒரு பொலிஸ்காரர். சூழ நின்ற பலரும் அவரோடு சிதறினர். 2012இல் அகால் தக்த் அந்த மனித வெடிகுண்டுக்கு ஷஹீத் பட்டம் வழங்கியது. குரு கா பாக்கில் கை ஓங்காமைக்குச் சத்தியம் வாங்கிய அதே அகால் தக்த்!

ஆனால் அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. ஜஸ்வந்த் சிங் கால்ரா என்ற மனித உரிமையாளர், அமிர்தசரஸ் மாவட்டத்துச் சுடலைகளின் பதிவேடுகளையும் விறகுக் கணக்கையும் புரட்டி, பொலிஸார் அநாமதேயமாக எரித்த ஆயிரக்கணக்கான உடல்களைக் கணக்கிட்டு வெளியிட்டார். அச்சுறுத்தப்பட்டார், நிறுத்தவில்லை. 1995 செப்டெம்பர் 6இல் வீட்டு வாசலிலிருந்து கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். பத்தாண்டுகளுக்குப் பின் பொலிஸ் உத்தியோகத்தர் சிலர் அதற்காகத் தண்டிக்கப்பட்டனர். இரண்டு நிகழ்ச்சிக்கும் இடையே ஆறே நாட்கள். ஒருவர் தம் மரணத்தால் பிறரைக் கொன்றார். மற்றவர் கொல்லப்பட்டோருக்குப் பெயர் தேடிக் கொடுத்து மரணமடைந்தார். சாட்சி என்ற சொல் இவ்விருவருள் யாருக்குப் பொருந்தும் என்பதை எட்டாந்தரத்துப் பிள்ளையும் சொல்லிவிடும்.

நமது நாட்டில்

இந்த நோய்க்குத் தமிழில் ஒரு தனிப் பெயரும் உண்டு. 1987 ஜூலை 5இல் நெல்லியடியில் வெடிமருந்து நிறைத்த வாகனம் இராணுவ முகாமுக்குள் பாய்ந்தது முதல், 'தற்கொலை' என்று சொல்லாதே, 'தற்கொடை' என்று சொல் என நமக்கு மொழிப்பாடம் நடத்தினர். ஒரேயோர் எழுத்துத்தான் மாற்றம். அந்த ஓரெழுத்தின் மறைவில் எத்தனை உயிர்கள் போயின! 2009 மார்ச் 10இல் அக்குறஸ்ஸை கொடபிட்டிய பள்ளிவாசலில் மீலாத் ஊர்வலத்தின் நடுவே வெடித்ததும் ஒரு 'தற்கொடை'தான்.

1987 அக்டோபர் 12இல் யாழ் பல்கலைக்கழகச் சூழலில் ஹெலிகொப்டரில் இறக்கப்பட்ட 13ஆவது சீக்கிய இலகு காலாட்படையினர் முப்பது பேரில் 29 பேர் மாண்டனர். அப்படைப்பிரிவு, குருவின் தலையைச் சுமந்த பாய் ஜைதாவின் சமூகத்திலிருந்து பெரிதும் ஆட்சேர்ப்பது. பஞ்சாபில் அவர்கள் ஷஹீதுகள். பத்தரமுல்லையிலுள்ள நினைவுத்தூண் அமைதிப்படையில் மாண்டோருக்காக எழுந்து நிற்கின்றது. அதே மாதத்தில் அதே அமைதிப்படையால் யாழ் வைத்தியசாலைக்குள் கொல்லப்பட்ட வைத்தியருக்கும் தாதியருக்கும் நோயாளருக்கும் சொந்தங்கள் இன்றும் விளக்கேற்றுகின்றனர். ஒரே போரில் மாண்டோர் ஒரு தரப்புக்கு மாவீரர், ஒரு தரப்புக்கு ரணவிரு, ஒரு தரப்புக்கு ஷஹீத். பட்டங்கள் தாராளமாக இருந்தன. சாட்சியம்தான் குறைவு.

குரு நானக் இலங்கைக்கு வந்ததாகச் சீக்கியரின் ஜனம்சாகிக் கதைகள் கூறும். அவர் வந்து தங்கிய இடம் மட்டக்களப்பின் தெற்கேயுள்ள குருக்கள்மடம் என்று சீக்கிய ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். நம்மவருக்கு அவ்வூரின் பெயர் வேறொரு காரணத்தால் மறக்க முடியாதது. 1990 ஜூலை 12இல், ஹஜ்ஜை முடித்துத் திரும்பியோர் உட்பட, காத்தான்குடிக்குச் சென்றுகொண்டிருந்த முஸ்லிம்கள் அங்கேதான் மறிக்கப்பட்டுப் புலிகளால் கொல்லப்பட்டனர். மூன்று வாரங்களில், ஆகஸ்ட் 3இல், காத்தான்குடி மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்ற 100க்கும் மேற்பட்டோர் சுட்டும் வெட்டியும் கொல்லப்பட்டனர். சிறுவரும் அவர்களுள் இருந்தனர். அவர்களை ஷுஹதாக்கள் என்கின்றோம். தொழுகையில் நின்றதைத் தவிர அவர்கள் வேறெதுவும் செய்யவில்லை. அதுவே அவர்களின் சாட்சியம்.

தொழுகை வரிசையில் கொல்லப்பட்டோரின் ஊரில் பிறந்த ஒருவன்தான், 29 ஆண்டுகளின் பின், வழிபாட்டு வரிசையில் நின்றோரைக் கொல்ல ஆள் திரட்டினான். 2017இலேயே ஊரவர் அவனுக்கெதிராக முறைப்பாடு செய்திருந்தனர் என்பதும் உண்மை. கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலம் கத்தோலிக்கருடையதாயினும், செவ்வாய்க்கிழமைகளில் இந்துக்களும் பௌத்தர்களும் முஸ்லிம்களும் மெழுகுவர்த்தியோடு சென்ற இடம். 2019 உயிர்த்த ஞாயிறன்று காலை அங்கும், கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், மூன்று ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கொச்சிக்கடைக்கு நான் சென்றிருந்தபோது, இறந்தோரின் பெயர்களை நின்று வாசித்தேன். சிங்களப் பெயரும் தமிழ்ப் பெயரும் அடுத்தடுத்து இருந்தன. எந்தப் பெயரும் எவருக்கும் பகைவரின் பெயராகத் தோன்றவில்லை.

குண்டுதாரிகளின் உடல்களை ஏற்க முடியாது என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. பள்ளிவாசல் மையவாடிகளில் அவர்களுக்கு இடமளிக்கப்படவில்லை. 2012இல் அகால் தக்த் செய்ததற்கு நேர்மாறான செயல் இது. இதனால் நாம் சீக்கியரிலும் உயர்ந்தவர் என்று எவரும் மார்தட்டத் தேவையில்லை. வேறு நாடுகளில் நம்மவரும் கொலைஞருக்குப் பட்டஞ் சூட்டியதுண்டு. பட்டத்தை மறுக்கும் உரிமை ஒரு சமூகத்தின் கையில் இருக்கின்றது என்பதே இங்கே முக்கியம்.

அதே காலையில் சீயோன் தேவாலய வாசலில், சுமைப்பையோடு வந்த புதியவனைச் சந்தேகித்து, உள்ளே போகவிடாமல் வெளியே நிறுத்திப் பேசிக்கொண்டிருந்த ஒரு தகப்பன் அங்கேயே உயிரிழந்தார். உள்ளேயிருந்த நூற்றுக்கணக்கானோர் தப்பினர். இரண்டு மரணம், ஓரிரு அடித் தூரம். உள்ளே போக வேண்டும் என்று ஒருவன், போகவிடமாட்டேன் என்று ஒருவர். தேக் பகதூரின் வரிசையில் நிற்பவர் யார் என்று நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

இனி நாம் செய்யக்கூடியது

மேலே கண்டவற்றிலிருந்து மூன்று கேள்விகளை நான் மாணவருக்குக் கொடுக்கின்றேன். அந்த மரணம் யாருடைய உயிருக்குக் காவலாக நின்றது? அந்த மனிதர் தம்மைக் கொடுத்தாரா, பிறரையும் சேர்த்து எடுத்துச் சென்றாரா? பகைவனின் தாகத்துக்கு அவரது மனதில் இடம் இருந்ததா? இம்மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகு பட்டத்தைப் பற்றிப் பேசலாம். இந்த உரைகல்லை நம்மவருக்கும் பிறருக்கும் ஒன்றாகவே உரசிப் பார்க்க வேண்டும்.

2019க்குப் பின் வந்த தேடுதல்களின்போது அறபு எழுத்துள்ள நூல்களை வீட்டில் வைத்திருக்கவே மக்கள் அஞ்சினர். 'ஷஹீத்' என்ற சொல்லையும் அவ்வாறே ஒளித்துவைத்தால், அதைக் கொலைஞருக்கே விட்டுக்கொடுத்ததாகும். சொல்லை மீட்பதற்குப் பேச்சைவிடச் செயல் நல்லது. ஒவ்வொரு ஆகஸ்ட் 3ஆந் திகதியும் ஷுஹதாக்களுக்காக நாம் துஆச் செய்கின்றோம். அன்றைய தினம் பள்ளிவாசல் வாசலில் ஒரு பந்தலிட்டு, பிரதான வீதியால் போகும் எல்லோருக்கும், யாரென்று பாராமல், தண்ணீர் கொடுத்தால் என்ன? ஏப்ரல் 21ஆந் திகதி தேவாலயத் தெருக்களிலும் அதையே செய்தால் என்ன? பஞ்சாபின் வெயிலில் நடப்பதை மட்டக்களப்பின் வெயிலிலும் கொட்டாஞ்சேனையின் நெரிசலிலும் நடத்துவதற்குப் பெரிய செலவில்லை. ஒரு பீப்பாய், சில குவளைகள், வாங்கிக் குடிப்பவரின் பெயரைக் கேட்காத சில பிள்ளைகள் போதும்.